பன்னிரண்டரைக்குள்

முட்டை விலை மறுபடி ஏறிவிட்டது.
கடைக்கார ஓவேர் என் முகத்தைப் பார்க்காமல்
அட்டையில் பழைய எண்ணை அடித்துப்
புதியதை எழுதுகிறார்.
சரி, ஆறு போதும்.
ஆறு முட்டையைப் பதினோரு பிள்ளைக்குப் பங்கிட
வகுத்தல் தெரிய வேண்டாம்,
தக்காளியும் வெங்காயத்தாளும் இருந்தால் ஆயிற்று.
வதக்கி, உடைத்து ஊற்றிக் கிளறிவிட்டால்
ஆறு எது, பதினொன்று எது,
யாருக்குத் தெரியும்.

மெடெயின் நகரத்து மேட்டில்
மூச்சு வாங்க ஏறி வர வேண்டிய வீடு இது.
என் கூடம்தான் அவர்கள் பகல்.
என் கட்டிலடியில் பொம்மைகள்.
தலைக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகும் பெட்டிகள்
ஆட்களை வேலைக்கு இறக்கிவிடுகின்றன.
அதில் ஏதோ ஒன்றில் நிக்கோலின் அம்மா.
எது என்று தெரியாததால்
நிக்கோல் எல்லாவற்றுக்கும் கையசைக்கிறாள்.

மசூர்ப் பருப்பை முந்தின இரவே ஊறப் போட்டால்
கேஸ் மிச்சம்.
காரட்டை வெட்டாதே, துருவு.
வெட்டியதைக் கண் பிடித்துவிடும்,
துருவியதை நாக்குகூடப் பிடிக்காது.
பூசணியை மசித்துச் சோற்றில் விட்டால்
அதற்குப் பெயர் மஞ்சள் சோறு.
பூசணி என்று வாய்தவறினால்
நான்கு தட்டு அப்படியே திரும்பி வரும்.
பெயர் வைக்கக் காசு கேட்பதில்லை யாரும்.
கோழிக் கழுத்து நான்கு போதும் சூப்புக்கு;
எலும்பை மட்டும் விரலால் தேடுவேன்,
ஒரு தரம், பிறகு இன்னொரு தரம்.

டுவான் வேறு ரகம்.
நான்கு வயது, சுங்க அதிகாரியின் கண்.
வெட்டிய நகத்தைவிடச் சின்னக் கொத்தமல்லி இலை,
அதை எடுத்து மேசைமேல் வைப்பான்.
பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக.
கடைசியில் சோறு ஆறியிருக்கும்,
இலைகள் அணிவகுத்திருக்கும்.

போன செவ்வாய், பருப்பு பாதி வேகையில்
அடுப்பின் நீலம் ஒரு துள்ளு துள்ளி நின்றது.
சிலிண்டரை ஆட்டினேன். சாய்த்தேன்.
திட்டவும் செய்தேன், மெதுவாக,
பிள்ளைகள் இருக்கிறார்களே.
மணி பதினொன்றே முக்கால்.
பன்னிரண்டரைக்கு ஒருத்தன் அழ ஆரம்பித்தால்
அடுத்த நிமிடம் பதினொருவர்.

கீழ்வீட்டு எவேலியோ மோட்டார் சைக்கிள் மெக்கானிக்.
மூன்று வருடமாக எங்கள் சத்தத்தைப் பற்றிச்
சுவரைத் தட்டித்தான் பேசுவார்.
பானையைத் துணியால் பிடித்தபடி நான் முன்னால்,
கயிற்றைப் பிடித்தபடி அவர்கள் பின்னால்,
ஆளுக்கொரு ஸ்பூன்,
படையெடுப்புப்போல.
கதவைத் திறந்தவர் பானையைப் பார்த்தார்,
வரிசையின் வால் எங்கே முடிகிறதென்று பார்த்தார்,
ரேடியோவை அணைத்தார்.
"உப்பு போட்டாச்சா?"

நாற்காலி ஒன்றுதான். டயர் நிறைய.
துடைத்துத் துடைத்து உருட்டிப் போட்டார்.
கிரீஸ் வாசனைக்குள் பருப்பு கொதித்தது.
இரண்டு டயர் அடுக்கி அதன் உச்சியில் டுவான்.
இலையோடு விழுங்கினான்.
காரட்டோடு விழுங்கினான்.
இன்னும் வேண்டும் என்றான்.
நான் பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவானோ என்று
காலிப் பானையையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடனுக்கு வந்த சிலிண்டர், என் மேசை,
மிச்சமிருந்த அதே கொத்தமல்லி.
முதல் இலையை எடுத்து வைத்தான்.
"நேற்று சாப்பிட்டாயே?"
"நேற்று டயர் இருந்தது."

இப்போது கூடத்து மூலையில் ஒரு டயர்,
பட்டை தேய்ந்து வழுக்கையானது,
எவேலியோ சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்தது.
பத்துப் பேருக்கு அதில் தினமும் சண்டை.
டுவான் உட்காருவதில்லை.
அது வேற டயராம்.

இன்று பட்டாணி.
உரித்துக்கொண்டிருக்கையில்
சுவரில் தட்டும் சத்தம்.
பிள்ளைகளை அடக்கிவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.
"என்ன சமையல் இன்றைக்கு?" என்கிறார் கீழிருந்து.
வாய்வரை வந்த பட்டாணியை விழுங்கிவிட்டு
"பச்சைக் கோலி" என்கிறேன்.