ஆட்டின் அஞ்சு

இரங்கல் குறிப்புக்கு அறுபது சொல் இலவசம்,
அதற்குமேல் சொல்லுக்குச் சொல் காசு
என்றார்கள் பத்திரிகைக்காரர்கள்.
பிறந்த நாள், பெற்ற ஐவர்,
முந்திக்கொண்ட கணவர், அடக்கம் எத்தனை மணிக்கு,
எல்லாம் போக மிச்சம் இரண்டு சொல்.
"பக்தி மிக்கவர்" என்றாள் அத்தை மில்லிசென்ட்.
சமையலறை மொத்தமும் சிரித்தது,
அடுப்பில் கெட்டில் உட்பட.

ட்ருசில்லா டிசார்ட், என் பாட்டி,
பிரசங்கம் நீளும்போதெல்லாம்
கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்து
ஓடுகிறதா என்று கேட்பவள்.
முன்வரிசையில் உட்கார்ந்து.

மீன் ஆலையில் இருபத்தாறு வருடம்
காட் மீன் அறுத்தாள்.
கடலில் மீன் தீர்ந்தது, அரசு வலையை மூடியது,
ஆலை வாசலில் ஊரே அழுதுகொண்டு நின்றது.
இவள் மட்டும் உள்ளே போய்
இயந்திரத்தில் அட்டையை அடித்துவிட்டு வந்தாள்.
"பத்து நிமிடம் ஓவர்டைம், எழுதிக்கொள்ளுங்கள்."
அன்றிரவு கொட்டகையில் பார்த்தேன்.
எண்ணெய்ப் பீப்பாயின்மேல் உட்கார்ந்திருந்தாள்,
முகம் நனைந்து.
"வெங்காயம்" என்றாள்.
கொட்டகையில் வெங்காயம் இல்லை.
ஐந்து டாலர் தாளை என் கையில் திணித்தாள்.
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்,
அந்த ஐந்து டாலர் எப்போதோ செலவாகிவிட்டது.

சனிக்கிழமை இரவுகளில் சீட்டு.
நூற்றிருபது என்று ஓர் ஆட்டம்.
துருப்பில் ஐந்துதான் பெரிய சீட்டு, ராஜாவெல்லாம் அதற்குக் கீழே.
ஒரு பிப்ரவரியில், பனி ஜன்னலை மூடிய இரவில்,
கட்டில் ஆட்டின் அஞ்சு இல்லை.
சோபாவைக் கவிழ்த்தோம்,
தரைவிரிப்பை உரித்தோம்,
நாயின் வாயைத் திறந்து பார்த்தோம்.
மேசைக்கடியில் தவழ்ந்த எங்களுக்கு
டார்ச் அடித்துக் காட்டியது பாட்டிதான்.
"அந்த மூலையில் பாருங்களேன்" என்று.
பிறகு கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியை வெட்டி
சிவப்புப் பேனாவால் ஐந்து இதயம் வரைந்தோம்.
பதினோரு வருடம் அதை வைத்தே ஆடினோம்.

அடக்கத்துக்கு முதல்நாள்
அவளுடைய ஊதாக் கோட்டைத் தேய்க்க எடுத்தாள் மில்லிசென்ட்.
உள்துணியில் சின்னத் தையல்,
அதற்குள் ஏதோ தட்டையாக.
யாரும் பேசவில்லை.
ஏமாற்றவா? இல்லை, அந்தச் சீட்டை
அவள் ஒருதரம்கூட இறக்கியதில்லை.
பதினோரு வருடம் அதைப் போட்டுக்கொண்டு
கடைக்கும் கோயிலுக்கும் பிங்கோவுக்கும் போயிருக்கிறாள்,
உள்ளே சிரித்தபடி.
சின்னத் தாத்தா ஹெசெக்கியா சவப்பெட்டியை முறைத்தார்,
"அன்றைக்கு எனக்கு நாற்பது சென்ட் நட்டம்."
அப்புறம் கண்ணைத் துடைத்தார்.
வெங்காயம்.

டிசம்பர் வந்தது.
கிறிஸ்துமஸுக்குப் பிந்திய பன்னிரண்டு இரவுகளில்
எங்கள் கரையில் மம்மர்கள் வருவார்கள்.
தலையில் தலையணை உறை, முதுகில் பொய்க் கூன்,
ஆணுக்குப் பாவாடை, பெண்ணுக்கு மழைக்கோட்டு.
மூச்சை உள்ளிழுத்தபடியே பேசுவார்கள், குரல் பிடிபடாமல்.
யாரென்று கண்டுபிடித்தால் உறையைக் கழற்றிவிட வேண்டும்,
அதுதான் விதி.
வருடா வருடம் பாட்டியை முதலில் கண்டுபிடித்துவிடுவோம்.
அவளால் சிரிப்பை அடக்க முடியாது.

ஐந்தாம் இரவு கதவு தட்டப்பட்டது.
ஒற்றை ஆள்.
பூப்போட்ட உறை,
பாட்டியின் பச்சை ரப்பர் காலணி, இடது வலது மாற்றி.
நடுக்கூடத்தில் நின்று
அவள் ஆடுகிற மாதிரியே
ஒரு தோளை மட்டும் குலுக்கி ஆடியது.
கை ஆணுடையது. நடுவிரலில் பாதி இல்லை.
அப்படி விரல் உள்ளவர் ஊரில் ஒருவர்தான்,
பாட்டியிடம் தோற்ற ஒவ்வொரு சென்ட்டையும்
நோட்டில் எழுதி வைத்திருப்பவர்.

குழந்தை வாயைத் திறந்தான்.
நான் பொத்தினேன்.

மில்லிசென்ட் கேக் நறுக்கினாள், ரம் ஊற்றினாள்.
"யாரோ அசலூர்போல" என்றார் அப்பா.
"கரையில் இப்படிக் கால் யாருக்கும் இல்லையே" என்றாள் அம்மா.
தப்புத் தப்பாய்ப் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தோம்,
இறந்தவர்கள், மேயர், பக்கத்து வீட்டு ஆடு,
மணி இரண்டு ஆகும்வரை.