லைட் ஸ்ட்ரீட், மூன்றாம் எண் கோர்ட்

மணி ஒன்பது ஆவதற்குள்
அந்தச் சொல்லை நாலு தடவை கேட்டாயிற்று.

எட்டரைக்குப் படகுத்துறைப் பக்கம் காரை விட்டபோது
சீட்டுக் கொடுத்தவன் சொன்னான்:
முதல் மணிக்கு ஒரு ரிங்கிட் சார்ஜ், அப்புறம் ரெண்டு ரெண்டு.
பெரியாஸ்பத்திரியிலிருந்து அண்ணனின் குரல்:
'எடுத்த கல்லைக் கண்ணில் காட்டமாட்டேன் என்கிறாள்
இந்த வார்டு சார்ஜ் நர்ஸ்.
பதினோரு மணிக்கு டிஸ்சார்ஜாம்,
வந்து கையெழுத்துப் போடு.'
நாலாவது, அரசுத் தரப்பு மிஸ் ஓங்,
கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்:
இன்றைக்கு சார்ஜ் பண்ண ஆறு பேர்,
உங்களுக்கு ஒருத்தர்.

'உங்களுக்கு' என்றால் தமிழ்.
பத்தொன்பது வருடமாய்
கூண்டுக்கும் மேடைக்கும் நடுவில்
நிற்கிற ஒரு வாய் நான்.
என் சொந்தச் சொல் எதுவும் அங்கே செல்லாது.

கூண்டில் களஞ்சியம். அப்பா பெயர் ஒய்யப்பன்.
கமுதிப் பக்கம். வெங்காயக் கிடங்கில் மூட்டை தூக்கியவன்.
பெர்மிட் முடிந்து பதினாலு மாதம்.
ஊதா லாக்கப் சட்டை தோளில் மட்டும் இறுக்கம்.

சட்ட உதவிக்கு வந்த இளம் வக்கீல்,
ஆங்கிலத்தையும் தமிழையும் ஒரே சட்டியில் வதக்குகிறவர்,
கம்பி வழியாகக் குனிந்தார்:
'தம்பி, உங்க மேல சார்ஜ் இருக்கு. புரியுதா?'

'இல்லைங்க சார்.
பிடிச்ச அன்னைக்கே தீர்ந்துபோச்சு.
வீட்ல கூப்பிட்டுப் பார்த்திருப்பாங்க.'

மலாயில் இந்தக் குழப்பம் வராது.
வாங்கும்போதே அவர்கள்
இரண்டாய் நறுக்கி வாங்கினார்கள்:
பேட்டரிக்கு 'சாஸ்', கட்டணத்துக்கு 'சாஜ்'.
குற்றத்துக்கு அவர்களுடைய சொந்தச் சொல் ஒன்று,
நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளும் நீளத்தில்.
நாம்தான் மூட்டையைப் பிரிக்காமலே
தோளில் ஏற்றிக்கொண்டோம்.
ஏஜெண்டு பிடிப்பதும் அது.
பள்ளிக்கூடத்தில் புது ஹெச்.எம். எடுத்துக்கொள்வதும் அது.
ஊர்ச் செய்தியில் கூட்டத்துக்குள்
தடியோடு பாய்வதும் அதுவேதான்.
'அவ ரெண்டு வார்த்தை பேசினா எனக்கு சார்ஜ் ஏறிடும்' என்பான்
அண்ணன், அண்ணி இருந்த நாளில்.

மாஜிஸ்திரேட் வந்தார். எழுந்தோம், உட்கார்ந்தோம்.
மலாயில் படித்து முடித்தார்கள்.
'உங்கள் மீது சுமத்தப்பட்டுள்ள குற்றம்'
என்று ஆரம்பித்தேன், ஆயிரம் முறை ஆரம்பித்ததைப் போல.
சுமத்தவில் நாக்கு நின்றது.
பழி சுமத்துகிறோம். வரி சுமத்துகிறோம்.
கிடங்கில் இவன் முதுகில் ஐம்பது கிலோ.
அட, நம்மிடமும் ஒன்று இருந்திருக்கிறது
இத்தனை நாளும் என் வாயிலேயே.
பேட்டரி மட்டும்தான் அதில் ஏறாது.

மிஸ் ஓங் இருமினார். தொடர்ந்தேன்.

ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்கச் சொன்னார்கள்.
'பெர்மிட்டுக்குன்னு மொதலாளி மாசாமாசம்
முந்நூறு சார்ஜ் பிடிச்சாருங்க.
பாஸ்போர்ட்டும் அவருகிட்டதான்.'
சொன்னேன். முந்நூறை மட்டும் கொஞ்சம் உரக்க.
மாஜிஸ்திரேட் நெடுநேரம் எழுதினார்.
அடுத்த மாதம் பதினாறுக்கு ஒத்திவைப்பு.

போலீஸ்காரர் முழங்கையைத் தொட்டதும் திரும்பினான்.
'அக்கா, போனைத் திருப்பித் தர்றப்போ
சார்ஜ் போட்டுக் குடுப்பாங்களா?'

என்ன சொல்கிறார், என்றார் மாஜிஸ்திரேட்.

கூட்டாமல் குறைக்காமல் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.
சொன்னேன், அந்தக் குட்டிச் சொல்லைப் போட்டு.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை.
பதில் வராவிட்டால்
மொழிபெயர்க்க என்னிடம் எதுவும் இல்லை.
களஞ்சியம் என் வாயைப் பார்த்தபடியே
படி இறங்கினான்.

கார் கதவைத் திறந்தபோது பதினொன்றே கால் தாண்டியிருந்தது.
கைப்பேசி செத்திருந்தது.
அண்ணன் கூப்பிட்டுப் பார்த்திருப்பான்.
ஒயரைச் செருகிவிட்டு
அந்தக் காலிப் பெட்டி திரையில் வரும்வரை
உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடியைத் தட்டினான் சீட்டுக்காரன்:
அஞ்சு நிமிஷம் போனா
இன்னொரு ரெண்டு ரிங்கிட் சார்ஜுக்கா.