மூன்றாவது வரி

பாஹாவ் பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய சீடி.
உள்ளே அத்தனையும் ஜப்பான் எழுத்து.
பெயரில் சன்னல் மாதிரி ஒன்று இருந்ததால்
எங்கள் கோல்கீப்பர் சன்னல்.
இடது பக்கம் பறக்கிறவன் ஏணி.
மெனுவில் முதல் வரி ஆட்டம்,
இரண்டாவது சேமிப்பு.
மூன்றாவதைக் கோகிலன்தான் அழுத்தினான்.

முப்பத்து மூன்று ஆட்டம் முடிந்திருந்தது.
இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை.
திரை வெளுத்துத் திரும்பியபோது
சன்னலும் ஏணியும்
புள்ளி ஏதுமில்லாமல் நின்றார்கள்.
நாலு நாள் அவனோடு பேசவில்லை.

செம்பனை சாய்த்த இடத்தில் இப்போது ஆலை.
இரவு ஷிப்ட், புது மெஷின்,
மலாய் ஒட்டுத்தாள் இன்னும் வரவில்லை.
நேப்பாளத் தம்பியின் விரல் போகும் பொத்தானில்
அதே இரண்டு எழுத்து.

"டேய், தொடாதே!"

சூப்பர்வைசர் திரும்பினார்:
உனக்கு ஜப்பான் மொழி தெரியுமா?

ஒரு சொல், என்றேன்.