பத்தொன்பதுக்கு ஒன்று குறைவு

எண்ணூர் விரைவுச் சாலை. ராத்திரி ஒன்றே முக்கால்.
முன்னால் நிற்கும் டிரெய்லரின் முதுகில்
நீலப் பெட்டி, வெள்ளை எழுத்து:
510510.

ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பத்து.
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல.
கிளீனர் லூர்து கண்ணைத் திறக்காமலே கேட்டான்:
"யாருக்குண்ணே தரணும்?"

மூன்று மணி நேரமாக வண்டி நகரவில்லை.
ஒரு பக்கம் கருங்கல் குவித்த கடல்,
மறுபக்கம் மணலியிலிருந்து வரும் அழுகின முட்டை வாசம்.
சும்மா இருக்கும் கைக்கு பீடி,
சும்மா இருக்கும் தலைக்கு வகுத்தல்.

இரண்டு போகும். ஐந்தும் போகும்.
இலக்கத்தைக் கூட்டினால் பன்னிரண்டு, ஆக மூன்றும்.
510ஐ இரண்டு தடவை எழுதியிருக்கிறதே,
அப்படியென்றால் உள்ளே ஓர் ஆயிரத்தொன்று;
அதற்குள்ளே ஏழு, பதினொன்று, பதின்மூன்று
ஒரே ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன.
மிச்சம் பதினேழு.
அவ்வளவுதான். பெட்டி காலி.
பதினேழு வரைக்கும் ஒரு பகா எண் விடுபடவில்லை,
ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை.

டோல் சீட்டின் பின்பக்கம்
714ஐ 715ஆல் பெருக்கினேன்.
அதே எண்.
பக்கத்துப் பக்கத்து வீடுகள்,
ஏழு பேரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.
இங்கே இரண்டு, மூன்று, ஏழு, பதினேழு.
அங்கே ஐந்து, பதினொன்று, பதின்மூன்று.
கூட்டிப் பார்த்தால் இரண்டு வீட்டிலும் இருபத்தொன்பது.
எர்ணாவூர்க் குடியிருப்பில்
தண்ணி லாரி வந்த எந்த நாளிலும்
குடங்கள் இப்படிச் சமமாக நிறைந்ததில்லை.

அடுத்து பத்தொன்பது.
பதினெட்டு மிச்சம் விழுந்தது.
ஒன்றே ஒன்று குறைச்சல்.
பாவமாக இருந்தது, ஒன்றைக் கூட்டினேன்.

510511.

பத்தொன்பது உள்ளே வந்தது.
கூடவே தொண்ணூற்றேழு, இருநூற்று எழுபத்தேழு,
நான் முன்பின் பார்த்திராத முகங்கள்.
இரண்டைக் காணோம். மூன்றைக் காணோம்.
பழைய ஏழு பேரும்
ஒரே நொடியில், சாமான் செட்டோடு, தெருவில்.

அவசரமாக அந்த ஒன்றை அடித்தேன்.
அடித்த பிறகும் கொஞ்ச நேரம்
சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன் வண்டி தஸ்தகீர் கேட்டிலிருந்து நடந்து வந்தார்,
லுங்கியை மடித்துக் கட்டியபடி.
"நம்பருக்கப்புறம் கட்டம் கட்டி ஒரு இலக்கம் இருக்கணுமாம்பா.
துரு தின்னுட்டுது. உள்ள விடமாட்டேன்றான்.
அது இன்னா நம்பர்னு தெரியுமா?"

தெரியாது. ஆனால் போட்டுப் பார்க்கலாம்.
எழுத்துக்கு ஒரு மதிப்பு, இடத்துக்கு இடம் இரட்டிப்பு,
எல்லாம் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால்
மிஞ்சுவதுதான் அந்த இலக்கம்.

பதினொன்றுக்கு மிச்சமே வைக்காத எண்.
இதனிடம் போய் மிச்சம் கேட்கிறான்.

"டார்ச் அடிண்ணே" என்றேன்.
லூர்து எழுந்து உட்கார்ந்து
பேனா தேடினான்.