மீட்டர் அட்டை

தரகர் சேக்தாவூது கூடத்தைக் காட்டுகிறார்,
நான் மீட்டர் பெட்டியைத் தேடுகிறேன்.
பதினோரு வருஷம் அரூரில்
வாசல் வாசலாக ரீடிங் எடுத்தவளுக்கு
வீடு அங்கேதான் தொடங்குகிறது.

காரைக்குடிக்கு மாற்றல் வந்து ஒன்பது நாள்.
ரயிலடிப் பக்கம் லாட்ஜில் நாள் வாடகை.
மகள் ஜூனில் வருவாள்.
பள்ளிக்கூட விண்ணப்பத்தில் எழுத
அதற்குள் ஒரு முகவரி வேண்டும்.

முதல் வீடு செக்காலையில்.
"தண்ணிக்குக் கவலையே இல்ல,
சம்பை ஊத்துத் தண்ணி மேடம், கல்கண்டு"
என்றார், குழாயைத் திறக்காமல்.
அட்டையில் இரண்டு மாதத்துக்கொரு எண்:
நூற்றெண்பது, இருநூறு, நூற்றெழுபது,
பிறகு சட்டென்று அறுநூறு,
அறுநூற்று நாற்பது.
"மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுது?" என்றேன்.
ஊற்று கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்தது முத்துப்பட்டணம்,
இந்தத் தெருவில் நுழைந்தால்
அந்தத் தெருவில் வெளியே விடும் வீடு.
பின்கட்டு மட்டும் வாடகைக்கு.
தூண்களை எண்ணிப் பார்க்கச் சொன்னார்.
நான் எண்ணியது யூனிட்டை:
பதினாலு, பதினாறு, பதினாலு.
ஒரு காவல்காரர், ஒரு பல்பு, ஒரு ரேடியோ.
தை மாதக் கட்டத்தில் மட்டும் நானூற்றுச் சொச்சம்.
பங்காளிகள் வந்து பொங்கல் வைத்துப்
போயிருக்கிறார்கள்.
"எத்தனை பங்கு?"
"முப்பத்தேழு."
"வாடகை யார்கிட்ட கொடுக்கிறது?"
"அதத்தான் கொஞ்சம் பேசணும்."
ஒரு குழாய் ஒழுகினால் முப்பத்தேழு கையெழுத்து,
அதில் பாதி கடலுக்கு அந்தப் பக்கம்.
கதவு கனம். தாண்டி வந்துவிட்டோம்.

கழனிவாசலில் புது வீடு,
தரையில் என் முகம் தெரிந்தது.
சப்-மீட்டராம், யூனிட்டுக்குப் பத்து ரூபாயாம்,
வாரியத்து ஆளிடமே சொன்னார்கள். சிரித்தேன்.
அந்த அம்மா சிரிக்கவில்லை.
"எத்தன பேரு?"
"நானும் மகளும்."
"சாரு?"
"சார் இல்லீங்க."
குரலில் வோல்டேஜ் இறங்குவதை
மீட்டர் இல்லாமலே படிக்கத் தெரியும் எனக்கு.
"சொந்தத்துல ஒருத்தவுக கேட்டிருக்காக,
பாத்துட்டுச் சொல்றோம்."

வண்டியில் ஏறும்போது சேக்தாவூது
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"ஒரு மாடி இருக்கு. கமிஷன் எனக்குக் கம்மிதான்.
அதான் கடைசியா வச்சிருந்தேன்."

பர்மா காலனி.
ஊர்விட்டு வந்தவர்களின் பேரை
ஒளிக்காமல் பலகையில் எழுதிவைத்த இடம்.
மாடிப்படி செங்குத்து. சுவரில் பல்லிமுட்டை நிறம்.
தனி மீட்டர்.
தொண்ணூறு, தொண்ணூற்றாறு, எண்பத்தெட்டு,
அப்புறம் இருநூற்று முப்பது,
இருநூற்று இருபது, இருநூற்று ஐம்பது.
இப்போது பூஜ்யம்.
"இங்க யார் இருந்தாங்க?"
"நர்சம்மா" என்றார் அடைக்கலம்,
கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்,
இன்னமும் சில்லறையை விரலிடுக்கில் அடுக்குகிறார்.
"பிள்ள பொறந்துச்சு. அழுதுக்கிட்டே கெடக்கும்.
ராத்திரி பூரா லைட்டு எரியும்.
நான் ஒண்ணும் கேட்டதில்ல.
ராம்நாட்டுக்கு மாத்திட்டாக."

மகளுக்குப் போன் போட்டேன்.
அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா என்றாள்,
அவளுடைய ஒரே நிபந்தனை.
இல்லை. அறுபது ரூபாய், நானே மாட்டிவிடுவேன்.
ஜன்னலில் என்ன தெரியுது?
ஒரு வேம்பு, ஒரு செல்போன் டவர்,
யாரோ காயப்போட்ட போலீஸ் சட்டை.
"சரி" என்றாள்.
அந்தச் சரி எந்தச் சரி என்று
ஜூனில்தான் தெரியும்.

அட்வான்ஸைக் கொடுத்து,
தரகுப் பணத்தைக் கொடுத்து,
நூறடிச் சாலைக்கு வந்து டீயும் குடித்த பிறகு
உறைத்தது:

குழாயை
நானும் திறந்து பார்க்கவில்லை.