கோப்பு தி-47

பெயரை அழித்தாயிற்று.
வயது, 'ஐம்பதுக்கு மேல்'.
மூதூரைக் 'கிழக்கு' ஆக்கினேன்.
ஆனாலும் மூன்றாம் பக்கத்தில்
ஒரு நீலத் தோணி நிற்கிறது.
அந்தக் கரையில் அதை அறியாதவர் யார்?

கடல் கடந்த பல்கலைக்கழகமொன்று கேட்கிறது,
நித்திரையின்மை பற்றிய ஆய்வாம்.
பழைய கையெழுத்து
பழைய கேள்விக்கு மட்டும்தான்.
கிண்ணியாப் பாலம் கடந்து மறுபடி போனேன்.

முருங்கையிலை உருவிக்கொண்டே
முழுவதும் கேட்டா.
"நித்திரை வராததக் குடுங்க, மகள்.
ஆருக்காவது உதவட்டும்.
தோணி என்ட."

திரும்பி வர
பஸ் நிலையத்தருகே மான்கள்
கடதாசி மென்றுகொண்டு நின்றன.
யாருடைய கடதாசியோ.

இரவே அந்த வரியை எடுத்துவிட்டேன்.
மூதூர் என்றேனே,
அதுவும் வேறு ஊர்.
நீலமும் வேறு நிறம்.