அடுத்த சொல்

சீட்டுக் கொடுக்கிற இடத்தில் பேர் கேட்டார்கள்.
ஈல்ஸே என்றாள். நாடு? லாத்வியா.
எழுதுகிறவர் என்னைப் பார்த்தார்
எனக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.
பென்னாகரம் தாண்டினாலே எனக்கு அரைகுறை.

நான் இறுக்கிய ஆரஞ்சு ஜாக்கெட்டை அவிழ்த்து
அவளே மறுபடி இறுக்கினாள்.
கழுத்தில் விசில். இடுப்பில், சட்டைக்கு உள்ளே,
தட்டையாக ஒரு பை: பாஸ்போர்ட்.
ஷூவுக்குள் அதன் நகல், பாலிதீனில் சுற்றி.
தோள்பையில், எடுக்கத் தோதாக, சின்ன பர்ஸ் ஒன்று.
அது திருடனுக்காம்.
சைகையில் சொன்னாள். புரிந்ததும் சிரித்துவிட்டேன்.
என் சட்டைப்பையில் எட்டிப் பார்க்கும் நூறும் அப்படித்தான்,
கேட்கிறவர்களுக்கு.
வீட்டுக்குப் போகிற பணம்
அரைஞாண் கயிற்றோரம் தனியாகத் தூங்கும்.

மாமரத்துக் கடவில் பரிசலை இறக்கும்போது கேட்டாள்,
"ஸேஃப்?"
பதினோரு வருஷமாக இதற்கு ஒரே பதில் வைத்திருக்கிறேன்.
நோ ப்ராப்ளம்.
பெங்களூர் குடும்பங்களுக்கு, புது ஜோடிகளுக்கு,
நடுவில் எழுந்து நின்று படம் எடுக்கிற சேலத்துப் பையன்களுக்கு.
அன்றைக்கு வாயில் வரவில்லை.
இத்தனை பூட்டுப் போட்டு வந்தவளிடம்
திறந்து கிடக்கிற கதவைக் காட்டாமல் எப்படி?

துடுப்பால் பாறையைத் தொட்டேன்.
பச்சை: ப்ராப்ளம்.
கறுப்பு, காய்ந்தது: ஓகே.
அதோ, கண்ணாடி மாதிரிக் கிடக்கிற தண்ணீர்,
அதற்கு அடியில் சுழி. பெரிய ப்ராப்ளம்.
மீன் வறுக்கிற சின்னபாப்பா ஓகே,
அவள் சொல்கிற விலை ப்ராப்ளம்.
விசில்? ஊதச் சொன்னேன்.
கன்னம் உப்பியது. அவ்வளவுதான் தெரிந்தது.
மீதியை அருவி தின்றுவிட்டது.
கையைத் தூக்கு என்றேன், தூக்கிக் காட்டி.
இங்கே கைதான் குரல்.

நடு ஆற்றில் நிறுத்தினேன்.
இது தமிழ்நாடு, அது கர்நாடகா.
கோடு எங்கே என்று தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தாள்.
பரிசல் சாய்ந்தது. உட்கார். உட்கார்.

என் இங்கிலீஷுக்கு எட்டாததால்
உன்னிடம் சொல்லாமல் விட்டது இது, ஈல்ஸே.
தண்ணீர்ச் சண்டை முற்றிய ஒரு வருஷம்
மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டுத் திரும்ப பஸ் இல்லாமல்
கொள்ளேகாலத்தில் மாட்டிக்கொண்டேன்.
வீட்டிலிருந்து அரைநாள் தூரம்.
வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.
டீக்கடையில் ஒரு விரலைக் காட்டினேன், ஒரு டீ.
போன் அடித்தது. வீட்டிலிருந்து.
எடுக்கவில்லை.
அம்மா என்பது ரெண்டு பாஷைக்கும் ஒன்றுதான்,
அதற்கு அடுத்த சொல்தான் ஆபத்து.

கடைக்காரன் என் விரலைப் பார்த்தான், போனைப் பார்த்தான்,
ஷட்டரைப் பாதி இறக்கினான்.
"ஒளகே குத்கோ."
என் கன்னடம் பரிசல் கன்னடம்,
உட்கார் என்பது அதில் உண்டு.
சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்து, விடிகிறவரை,
இவன் காப்பாற்றப் போனானா
ஆள் கூட்டிவரப் போனானா என்று யோசித்தேன்.
நல்லவன்தான்.
அது காலையில்தான் தெரிந்தது.
ராத்திரி முழுக்கப் பயந்தேனே,
அது தப்பென்று இன்றுவரைக்கும் தோன்றவில்லை.

அவள் போனை எடுத்து நீட்டினாள்.
வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி, அசையாமல்.
கடலுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா
இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.
பாறை இடுக்கில் சிக்னல் கிடையாது.
நாற்பது நிமிஷமாகப் புள்ளி தண்ணீரில் நிற்கிறது.
இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?
மணல்திட்டில் சாப்பாடு இல்லை, சினிமா எடுத்த இடம் இல்லை.
தோள்பட்டை கழன்றுவிழும்படி
கரைக்குப் போட்டேன் துடுப்பை.

மண்ணில் கால் வைத்ததும் அது அடித்தது.
"மம்மா" என்றாள்.
அடுத்த சொல் எனக்குப் புரியவில்லை.
அதற்கடுத்ததும்.
சத்தம் போட்டுப் பேசினாள்,
சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

சீட்டுக்கு மேல் எனக்கென்று கொஞ்சம் கொடுத்தாள்,
திருடனுக்கு வைத்த பர்ஸிலிருந்து.
நல்லது. மற்றதை வெளியே எடுக்காதே.

பாதியைச் சட்டைப்பையில் வைத்தேன்.